இரண்டு வரிக்காக ஒரு பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாடநூல் நீக்கம் என்றாலே முகலாயர், டார்வின் என்று பேசுகிறோம். மேலாடை அணியும் உரிமைக்காகக் குமரி மண்ணின் நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் மத்தியப் பாடத்திட்டத்தை விட்டுப் போனதில் நமக்கும் பங்கு உண்டு. அதை யாரும் பேசுவதில்லை.

மத்தியப் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் சாதி மோதலும் உடை மாற்றமும் என்ற சிறு பகுதி, அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பற்றியது. மேலாடை அணிந்த நாடார் பெண்கள் 1822-இல் பொது இடங்களில் தாக்கப்பட்டார்கள். 1829-இல் வந்த அரசாணையும் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. 1859 கலவரத்துக்குப் பிறகு உரிமை கிடைத்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சாதியின் கணக்கைப் புரியவைக்க அந்த நிபந்தனை ஒன்றே போதும்.

அதே பகுதி, நாடார்களைத் தெற்குத் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்றும் சொன்னது. 2012-இல் எதிர்ப்பு கிளம்பியது. கோபம் நியாயமானதே. ஆதாரம் காட்டி இரண்டு வரியைத் திருத்தினால் முடிந்திருக்கும். ஆனால் திருத்து என்ற குரலோடு நீக்கு என்ற குரலும் சேர்ந்துகொண்டது. (பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச்சித்திரத்தை நாம் நீக்கச் சொன்னதும் அதே ஆண்டில்தான்.)

முதலில் வெட்டியது புத்தகத்தை அல்ல, தேர்வை. அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. பக்கங்கள் பிள்ளைகள் கையில்தான் இருந்தன. ஆனால் ஓரத்தில் பென்சிலால் 'தேர்வுக்கு இல்லை' என்று குறித்துவிட்டால் அந்தப் பக்கத்தை யார் புரட்டுவார்கள்? கைடிலும் வினா வங்கியிலும் இல்லாதது வகுப்பிலும் இருக்காது.

2019-இல் பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் அத்தியாயமே போனது. கிரிக்கெட், உழவர்கள் பற்றிய இரண்டும் கூடவே போயின. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதன் பின்னணியும் அந்த உடை அத்தியாயத்தோடு சேர்ந்து மறைந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் மட்டும் தப்பியது. அதில் வரும் 'சான்ஸ் கியூலாட்' என்றால் முழங்கால் வரையிலான கால்சட்டை அணியாதவர்கள். உடை எப்படி அரசியலாகிறது என்று விளக்கிய பாடம் இல்லாததால், அது ஒரு மதிப்பெண்ணுக்கான மனப்பாடமாகிப் போனது.

இனியாவது பிழை என்று புகார் வந்தால், வரி எண்ணோடு திருத்தச் சீட்டு அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பட்டும். நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பக்கம், காரணம், பரிந்துரைத்த குழு மூன்றையும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே வெளியிடட்டும். 2022-இல் நீக்கங்களின் பட்டியலை வெளியிட்டும், அதில் இல்லாத காந்தி கொலை குறித்த வரிகள் 2023 பதிப்பில் காணாமல் போனதை மறக்க முடியாது. நீக்கிய பகுதிகளுக்குக் கேரளம் அதே ஆண்டு துணைநூல் போட்டது, நாமும் போடலாம்.

ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உள்மதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் 5 பாடத்தை ஒட்டிய செயல்பாடுகளுக்கு, அதாவது பாடச் செறிவூட்டலுக்கு உரியது. 1829, 1859 ஆணைகளின் சுருக்கத்தை அரைத்தாளில் கொடுத்து, இரண்டுக்கும் இடையே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதச் சொன்னால் ஒரு பாடவேளை போதும்.

சமூக அறிவியல் ஆசிரியர்,
நாகர்கோவில்