செயலியை நிறுவ யாருடைய அனுமதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்ததை இழந்தவர்களைப் பற்றிய செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். இத்தகைய மோசடிகளைக் காரணம் காட்டித்தான், தான் சான்றளித்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்துகொண்டவர்கள் உருவாக்கிய செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்னும் விதியைக் கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவுபடுத்துவது திட்டம். கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிகளையும் இது கட்டுப்படுத்தும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன், எங்கள் தெருவில் குடிநீர் வரும் நேரத்தைக் குறித்துவைக்க ஒரு சிறு செயலியை எழுதி அனுப்பினான். கைப்பேசி எச்சரித்தது, படித்துப் பார்த்து, அமைப்புகளுக்குள் சென்று அனுமதி கொடுத்து நிறுவிக்கொண்டேன். அண்டை வீட்டார் சிலரும் அப்படியே செய்தார்கள். இனி அவன் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்திடம் தன் பெயரைப் பதிந்த பிறகே எதிர்வீட்டுப் பாட்டிக்கு அதைக் கொடுக்க முடியும் என்றால், காசு கொடுத்து வாங்கிய கைப்பேசி யாருடையது? கணினியுடன் இணைத்து நிறுவத் தடையில்லை என்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் கணினி ஏது?

இந்தப் பதிவு செயலியை எழுதியவர் யார் என்று கேட்கிறதே தவிர, அந்தச் செயலி என்ன செய்கிறது என்று சோதிப்பதில்லை. பிறர் பெயரில் சிம் அட்டையும் வாடகைக்கு வங்கிக் கணக்கும் பெறத் தெரிந்த மோசடிக்காரருக்கு இன்னொரு பெயர் கிடைப்பது கடினமா என்ன?

கட்டணத் தகராறில் 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில், சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதும், மத்திய அரசு தலையிட்ட பின் அவை திரும்ப வந்ததும் நினைவிருக்கும். அன்று கடைக்கு வெளியே ஒரு வழியாவது இருந்தது. இப்போது அந்த வழியின் சாவியும் அதே கைக்குப் போகிறது. 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், இவ்வாறு வெளியிலிருந்து செயலிகளை வழங்குவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தாலும், இந்த உத்தரவை நீக்கிவிட்டது. ஆணையத்தின் பார்வையே சரியானது என்பது என் கருத்து.

எதிர்ப்புக்குப் பின், பதிவுசெய்யாதவர்களின் செயலிகளையும் நிறுவிக்கொள்ள அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி வைப்பதாகக் கூகுள் 2025 நவம்பரில் கூறியது. அந்த வழி, சாதாரணப் பயனரும் எச்சரிக்கையைப் படித்துத் தாமே முடிவெடுக்கும் வகையில் எளிதாக இருக்க வேண்டும். இந்தியாவில் விதி நடைமுறைக்கு வருமுன், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.