ஒப்புக்குச் சப்பாணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோல்ஃப் கிளப் கமிட்டிகளுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய கமிட்டிப் பெரியவர்களுக்கு, வணக்கம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். கொலுசுக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் மச்சான் வழியாக வந்தது. அவர் வெளியூர் கிளப் ஒன்றில் மெம்பர். போன கோடை விடுமுறையில் என்னையும் என் மகளையும் விருந்தாளிகளாகக் கூட்டிப்போனார். (இந்த ஆட்டத்தில் மட்டைக்கும் கிளப் என்று பெயர், கிளப்புக்கும் கிளப் என்று பெயர். குழப்பம் வேண்டாம், நான் மட்டை என்றே எழுதுகிறேன்.)

மகளுக்குப் பதின்மூன்று வயது. முதல் இரண்டு குழிகளைச் சிரித்துக்கொண்டே முடித்தாள். மூன்றாவதில் அவள் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து, எல்லை காட்டும் வெள்ளைக் கம்பங்களைத் தாண்டிப் போய்விட்டது. பாதி தூரம் நடந்து வந்த பிறகுதான் அது தெரிந்தது. எங்களோடு ஆடிய மூத்த உறுப்பினர், “ரூல்னா ரூல்தாம்மா, திரும்பிப் போய் ஆரம்பிச்ச இடத்துல இருந்து அடிக்கணும்” என்றார். அடித்த அடிகளின் கணக்கில் ஓர் அடி கூடும், அதுதான் தண்டனை (இந்த ஆட்டத்தில் அடி குறையக் குறையத்தான் நல்லது). வந்த தூரமும் போச்சு. போனாள். அடுத்த பந்தும் அதே பக்கம் வெளியே. அதற்கடுத்தது நேராகப் போனது, இருபது கஜம். பின்னால் நான்கு பேர் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். ஒருவழியாகப் பதினான்கு அடியில் குழியை முடித்தாள். அட்டையில் 14 என்று எழுதியவள் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு, “நான் வண்டியில போய் உட்கார்ந்துக்கறேன்ப்பா” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஊருக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தேன். 1744-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் முதன்முதலாக எழுதி வைத்தது மொத்தம் 13 விதிகள்தான். பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. சரி, பழைய விதி, மதிக்கிறேன். ஆனால் இன்றைய விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ-வும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ-வும் 2019-ல் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கியபோது எவ்வளவு இளகிக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? தேடும்போது தெரியாமல் காலில் பட்டுப் பந்து நகர்ந்தால் தண்டனை இல்லை. மட்டை ஒரே வீச்சில் இரண்டு தடவை பட்டுவிட்டால் அதற்கும் இல்லை. மணல்குழியில் மாட்டிக்கொண்டால் இரண்டு அடி சேர்த்துக்கொண்டு பந்தை வெளியே எடுத்து வைத்தே ஆடலாம்.

என் மகளுக்கு வேண்டியிருந்ததும் அதே ஆண்டிலேயே வந்துவிட்டது. பந்து தொலைந்தாலோ எல்லை தாண்டினாலோ திரும்பி நடக்க வேண்டியதில்லை. அது போன இடத்துக்கு நேரே, புல்வெளி ஓரமாக வேறு பந்தைப் போட்டு, இரண்டு அடி தண்டனையோடு தொடரலாம். ஒரே நிபந்தனை, கமிட்டி அதை உள்ளூர் விதியாக அறிவித்திருக்க வேண்டும். ஒரு குழிக்கு அதிகபட்சம் இத்தனை அடி, அதை எட்டினால் பந்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்றொரு ஆட்டமுறையும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வைப்பதும் நீங்கள்தான். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கிடையாது. முதல் பந்து ட்ரையல். பந்து பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டினால் சிக்ஸர் இல்லை, அவுட். போய் எடுத்து வர வேண்டியதும் அடித்தவன்தான். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பொடியன் ஒப்புக்குச் சப்பாணி. அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை. பெயர் நன்றாக இல்லைதான், ஏற்பாடு அருமையானது. அடுத்த வருடம் அவனே ஓப்பனிங் இறங்குவான். இதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். சின்ன வயதில் எல்பிடபிள்யூ இல்லாமல் ஆடியவர்களுக்குப் பிற்பாடு அது புரியாமலா போய்விடுகிறது?

இப்போது எங்கள் கோல்ஃபைச் சொல்கிறேன். ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்தில் பழம் காயப்போடும் சிமென்ட் களம் இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் அது காலி. களத்தையும் அதற்குக் கீழே இருக்கும் புல் சரிவையும் சேர்த்து நான்கு குழி வைத்திருக்கிறோம். உங்கள் குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர், எங்களுடையது மண்ணில் புதைத்த இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. சிரிக்காதீர்கள், 2014-ல் அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களே 15 அங்குலக் குழியில் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். காபிச் செடிக்குள் பந்து போனால் தேடக்கூடாது, கிளை ஒடிந்தால் தோட்டக்காரர் திட்டுவார். ஓரத்தில் வேறு பந்தைப் போட்டு ஓர் அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குழிக்கு எட்டு அடிதான். குரங்கு பந்தைத் தூக்கிப்போனால் தண்டனை இல்லை, இதை மட்டும் உங்கள் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

மகள் மறுபடி மட்டையைத் தொட்டது அங்கேதான். மூன்றாவது ஞாயிறு அவளே வந்து, “வாளி பெருசா இருக்குப்பா, சின்னது வைக்கலாம்” என்றாள். இப்போது அங்கே ஐந்து லிட்டர் வாளி. அப்புறம் ஒரு நாள் பட்டறைக்கு வந்து பந்தை வெள்ளித் தராசில் வைத்தாள்: 45.6 கிராம். 45.93-க்கு மேல் போகக்கூடாது என்ற விதியை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

புதியவர்களை விட்டால் ஆட்டம் மந்தமாகிவிடும், பின்னால் வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. அன்று அந்த நான்கு பேரைக் காக்க வைத்தது அவள் ஆடிய ஆட்டமா, திரும்பி நடந்த நடையா? போட்டி என்று வந்தால் விதி விதிதான், அதில் நான் தலையிடவில்லை. ஆள் இருக்கும் பக்கம் பந்து போனால் “ஃபோர்” என்று கத்தி எச்சரிப்பது, மிதித்த மணலைச் சமன் செய்வது, இதிலெல்லாம் முதல் நாளே கறாராக இருங்கள். மற்றதில்தான் கொஞ்சம் இளக்கம் கேட்கிறேன். திரும்பி நடக்காமல் தொடரும் உள்ளூர் விதி, குழிக்கு இத்தனை அடிதான் என்ற வரம்பு, இந்த இரண்டு ஏற்பாட்டையும் வாரத்தில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலுக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அட்டையின் பின்பக்கம் தமிழில் நாலு வரி அச்சடித்தால் இன்னும் நல்லது. அந்தப் பிற்பகலில் முதல் அடிக்கு ஒரு ட்ரையலும் கொடுத்துவிடுங்கள். புத்தகத்தில் அதற்கு இடமில்லை, தெரியும். எழுத வேண்டாம், கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிறு ஏற்காட்டுக்கு வாருங்கள். கொண்டை ஊசி வளைவு இருபது இருக்கிறது, வயிற்றுக்கு லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். நவம்பருக்கு முன் வந்தால் நல்லது, அதற்கப்புறம் களத்தில் காபி காயும்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரன்