முதலில் ‘போதும்’ கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

பையனுக்கு ஆட்டிசம், 12 வயது, பேச்சு வரவில்லை, இனிமேல் பிஹேவியர் தெரபி (நடத்தைப் பயிற்சி) தொடங்கிப் பயனுண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் 3 வயதுக் குழந்தைக்குப் போடும் திட்டத்தையே இவனுக்கும் போட்டால் காசும் காலமும் வீண். நிறம் பொருத்துவதும் வளையம் கோப்பதும் எதற்கு? வேண்டியதைக் கேட்பது, வேண்டாததை மறுப்பது, தானே குளிப்பது, கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, மாநகரப் பேருந்தில் போய்வருவது, இவைதான் அவனுக்கான பாடம்.

அதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். பேசாத பிள்ளை பல்வலியில் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம். மலச்சிக்கலில் தட்டைத் தள்ளிவிடலாம். அதற்குப் போய் நடத்தைத் திட்டம் போட்டால் எப்படிப் பலிக்கும்? ஆட்டிசம் உள்ள சிலருக்கு வலிப்பு வளரிளம் பருவத்தில்தான் முதலில் தலைகாட்டும். அடிக்கடி சில நொடிகள் வெறித்தபடி உறைந்துபோனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு, ஒரு நோட்டில் இரண்டு வாரம் நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: நேரம், முன்னால் நடந்தது, அவன் செய்தது, உடனே நீங்கள் செய்தது. ‘கோபப்பட்டான்’ என்று எழுதினால் உதவாது. ‘வலது கையைக் கடித்தான், ஒரு நிமிடம்’ என்று இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தை எடுத்ததும் கடிக்கிறான், நீங்கள் மூடிவைக்கிறீர்கள் என்றால் அது தப்பிக்க. நீங்கள் போனில் பேசும்போது மட்டும் என்றால் உங்கள் கவனத்துக்கு. கையிலிருந்ததைப் பிடுங்கியதும் என்றால் அந்தப் பொருளுக்கு. தனியாக இருக்கும்போதும் கடித்தால் உடலுணர்வுக்காக இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். ஒரே கடிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

பல இடங்களில் தின்பண்டம் கேட்கப் படஅட்டை கொடுப்பதில் தொடங்குவார்கள். நல்லதுதான். வளர்ந்த பிள்ளைக்கு அதோடு சேர்த்து ‘போதும்’ அட்டையும் முதல் வாரமே வேண்டும் என்பேன். நிறுத்தச் சொல்ல வழி இருந்தால் அடிக்கவும் கடிக்கவும் தேவை குறையும்.

உள்ளங்கை அளவு அட்டையை லேமினேட் செய்து அவன் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அலமாரியில் பூட்டிய அட்டையால் பயனில்லை. இதைப் பழக்க இருவர் வேண்டும். ஒருவர் எதிரே இருந்து வேலை கொடுப்பார். இன்னொருவர் பின்னால் பேசாமல் இருந்து, அவன் முகம் சுளித்ததுமே, கடிக்கத் தொடங்குவதற்குள், கையை மெல்ல அட்டைக்குக் கொண்டுபோவார். கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும். அட்டை வந்த கணமே எதிரே இருப்பவர் ‘போதும்’ என்று சொல்லி வேலையை நிறுத்த வேண்டும். ‘என்ன வேணும்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், கேள்வி வந்த பிறகுதான் கை நீளும். தொடக்கத்தில் எத்தனை முறை நீட்டினாலும் நிறுத்துங்கள். அது நிலைத்த பிறகு ‘இன்னும் ஒன்று, அப்புறம் போதும்’ என்று 5 நொடி, 10 நொடி எனத் தள்ளிப்போடலாம். பின்னால் இருப்பவரின் உதவியையும் மணிக்கட்டைப் பிடிப்பது, முழங்கையைத் தொடுவது, வெறும் சைகை என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அட்டையைத் தாண்டியதும் டேப்லட் செயலிக்குப் போகலாம். நம் சென்னையில் உருவான ஆவாஸ் அப்படிப்பட்டது. படம் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்று உறவினர் சொல்வார்கள், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

கத்தினால் போன் கிடைக்கும் என்பதை நிறுத்தினால் முதல் சில நாள் கத்தல் கூடும். நான்காம் நாள் தாத்தா மனமிளகிக் கொடுத்தால், அதுவரை கத்தியது போதாது என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை தொடங்காதீர்கள். தலையை மோதிக்கொள்வதைக் கண்டுகொள்ளாமல் விடும் முறையை நீங்களாகச் செய்து பார்க்கவே கூடாது.

தெரபிஸ்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான அமெரிக்கச் சான்றான பி.சி.பி.ஏ. இருக்கிறது என்றால் எந்த ஆண்டு பெற்றது என்றும் கேளுங்கள். அதைத் தரும் அமெரிக்க வாரியம் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிதாக யாருக்கும் அந்தச் சான்று தருவதில்லை. கண்ணைப் பார்க்க வைப்பதையும் கையை ஆட்டாமல் உட்கார வைப்பதையும் முதல் இலக்காகச் சொல்பவர் வேண்டாம். உள்ளே பெற்றோரை விடாத இடமும் வேண்டாம். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் விண்ணப்பித்துவிடுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஆட்டிசம் உள்ளவர்களும் சேரக்கூடிய அரசு மருத்துவக் காப்பீடான நிராமயா, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும்.

முதல் சந்திப்புக்கு அந்த நோட்டையும், அவனுக்குப் பிடித்த பத்துப் பொருள்களின் பட்டியலையும், போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். அவற்றைப் பார்க்காமலே வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு கட்டணம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.

அன்புடன்.