யானையைத் தொட்ட கை

தம்பி,

நீ தோற்ற அந்த செஸ் ஆட்டத்துக்கு நாளையோடு ஒரு வருஷம். ஊர், போட்டி, எதிரில் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எதிரில் ஆடியவர் வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள். டிரா கிடையாது என்று ஆர்பிட்டர் (நடுவர்) சொன்னது விதிப்படி சரி, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உன்னைவிட 400 ரேட்டிங் (திறமைக்கான புள்ளி) கூடுதலானவரிடம் யானையும் சிப்பாயும், உன்னிடம் வெறும் யானை. சிப்பாய்க்கு நேர் முன்னால் உன் ராஜா. வெள்ளையில் ஆடிய அவருக்கு ஆறாவது வரிசையில் யானையை வைத்து, அவர் ராஜாவை ஏறவிடாமல் மறித்தாய். பழைய பிரெஞ்சு செஸ் மாஸ்டர் ஃபிலிடோர் 1777-ல் காட்டிய தற்காப்பு அது. யாரும் சொல்லித்தராமல் நீயே பிடித்தாய்டா!

அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது, அப்போது டிரா கோரலாம். நீ யானையை நகர்த்தி, கிளாக்கை அழுத்தி, பிறகு கையைத் தூக்கினாய். நகர்த்தவே கூடாது. ஆடப்போகும் மூவை ஸ்கோர்ஷீட்டில் எழுது, கிளாக்கை நிறுத்து, ஆர்பிட்டரைக் கூப்பிட்டுச் சொல். காயைத் தொட்டால் அந்த மூவில் டிரா கோரும் உரிமை போச்சு. இதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. ஆறு மாதம் ஓப்பனிங்கிலேயே (ஆட்டத்தின் தொடக்க மூவ்களிலேயே) ஓட்டினேன். பெற்றோர் கேட்பதும் அதைத்தான் (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை). மன்னித்துக்கொள்.

ஆனால் அதற்கு முன் மூன்று தடவை டிரா கேட்டாயே, யார் சொல்லி? பலசாலியிடம் கேட்கக் கேட்க, ‘இன்னும் கொஞ்சம் இழுங்க, தடுமாறிடுவேன்’ என்று நீயே காட்டிக்கொடுத்த மாதிரி. அவரும் இழுத்தார். சரி, ‘டிரா ஆனாலே 16.8 ரேட்டிங் பாயிண்ட்’ என்று ஆட்டத்துக்கு முன் உன் காதில் போட்டது நான்தான். டிராவுக்கு 0.5, உன்னிடம் எதிர்பார்ப்பது 0.08, அந்த வித்தியாசத்தை உன் கே (ரேட்டிங் கணக்கின் பெருக்கெண்) 40-ஆல் பெருக்கிப் பார் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

கை இறங்கியதும் உன் யானை கடைசி வரிசைக்கு ஓடியது. ஓரச் சிப்பாய், அதற்கடுத்த குதிரைக் கட்டச் சிப்பாய் என்றால் அங்கே உட்கார்ந்தே டிரா எடுக்கலாம். நடுச் சிப்பாயிடம் அது செல்லாது. சிப்பாய் ஆறாவது வரிசையை மிதிக்கும்வரை யானை அந்த வரிசையை விட்டு வெளியேறக் கூடாது. மிதித்த உடனே யானையை அவர் பக்கத்து முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் மேல் செக். முன்னே போன சிப்பாய் அவர் ராஜாவுக்கு நிழல் தராது.

இந்தச் சனிக்கிழமை முதல் வகுப்பில் ஓப்பனிங் கிடையாது. பத்து நிமிடம் ஸ்கோர்ஷீட்டும் கிளாக்கும், அப்புறம் யானை எண்ட்கேம். வருவதானால் அந்த ஆட்டத்துத் தாளைக் கொண்டு வா. வெள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன்.