வலப்பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு

இந்த மடலை என் கையால்தான் எழுதினேன். எழுதி முடித்த தாளை என்னால் படிக்க முடியவில்லை. மகள்தான் படித்துக் காட்டினாள், அவள்தான் தட்டச்சு செய்கிறாள். ஆகவே சந்திப்பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். 22 வருடம் ஊரார் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மை தீட்டியவளுக்கு இப்படி ஒரு வசதி!

என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த இரவைப் பற்றி இன்னும் பேச வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, பின்மண்டையைத் திறந்து, இடப்பக்கம் சிடுக்கு விழுந்து கிடந்த ரத்தக்குழாய்களை எடுத்துவிட்ட டாக்டருக்கு முதல் வணக்கம். தமனி ரத்தம் நுண்குழாய்களில் வேகம் தணிந்துதான் சிரைக்குப் போக வேண்டுமாம். எனக்கு அந்த நுண்குழாய்களே இல்லாமல் நேரே பாய்ந்து, ஒரு நாள் தாங்காமல் வெடித்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டு என் கணவருக்குப் புரியவைத்தார். மயக்க மருந்து டாக்டர், ராத்திரியெல்லாம் விழித்திருந்த நர்ஸ் மிஸ்ஸிமார், ரத்தம் கொடுத்த தம்பிகள், என் வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்ட ஆசிரியர்கள், தண்ணீர்மலைக் கோயிலில் எனக்காக அர்ச்சனை செய்தவர்கள், தினமும் பிளாஸ்கில் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) என்று பட்டியல் நீளும். பேர் பேராகச் சொன்னால் யாராவது விட்டுப்போவார்கள். எல்லாருக்கும் நன்றி.

இனி பாட்டி.

கண் விழித்த இரண்டு நாள் வரை அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. மூளையின் பின்பகுதிதான் பார்வைக்கு வீடு. அதில் இடப்பக்கம் கெட்டால் இரண்டு கண்ணிலும் வலப்பாதி போய்விடும். வலது கண் கெட்டது என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விரலை ஆட்டி, "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. பாட்டியின் கட்டில் என் வலப்பக்கம். குரல் மட்டும் வரும்: "டீச்சர், பசியாறியாச்சா?"

மூன்றாம் நாள் என் வகுப்புப் பிள்ளைகள் வாழ்த்து அட்டைகள் அனுப்பியிருந்தார்கள். பூ தெரிந்தது, சூரியன் தெரிந்தது, எழுத்து மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தமிழா, மலாயா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கட்டிலில் ஒட்டியிருந்த எண் தெரிகிறது, அதன் கீழே என் பெயர் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாரும், பாவம், ஆசையாகத்தான், "இதைப் படிங்க பார்ப்போம்" என்று ஆளுக்கொரு அட்டையை நீட்டினார்கள். எல்லாரும் போன பிறகு அழுதேன்.

அப்போது தெரியாத பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. ரப்பர் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. "டீச்சர், எனக்கு ஆனா எழுதக் கத்துக்குடேன். நான் பள்ளிக்கூடம் போகல."

தலையை முழுசாகத் திருப்பி அவரைப் பார்த்தேன். தலையில் கட்டோடு, பல்லில்லாத சிரிப்பு. அந்த உள்ளங்கையில் என் விரலால் 'அ' போட்டேன். பிறகு 'ஆ'. போடப் போட, விரலுக்கு எழுத்து தெரிகிறது என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைகளின் அட்டையை எடுத்து, மங்கலாக ஊர்ந்த அந்தக் கோடுகளின் மேலேயே விரலை ஓட்டினேன். 'டீ'. கொஞ்சம் பொறுத்து 'ச்'. ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் பிடித்தது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமில்லை. எழுத்தை என் வலப்பக்க மூளை பார்த்துவிடுகிறது, அதை இடப்பக்கத்து மொழிக்குக் கொண்டுசேர்க்கும் பாலம்தான் அடைபட்டிருக்கிறது, விரல் வேறு வழியாகப் போகிறது என்றார். 1892-லேயே டெஜரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறாராம். அவரும் எழுதுவார், எழுதியதைப் படிக்க வராது, எண்கள் மட்டும் தெரியும். சரி, எனக்குத் துணைக்கு ஒருவர் இருந்திருக்கிறார். பாலம் அடைபட்டால் என்ன, 1985-ல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை நாமெல்லாம் பெர்ரியில்தானே தீவுக்குப் போய்வந்தோம்? மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும்.

ஒன்பது நாள் பாடம் நடந்தது. பாட்டியைப் பார்ப்பதற்காகவே நாளுக்கு ஐம்பது தடவை வலப்பக்கம் தலையைத் திருப்பினேன். பிற்பாடு பயிற்சி என்று சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

அவர் வீடு திரும்பும் அன்று பேத்தி வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "பாட்டிக்கு ஆனா ஆவன்னா தெரியுமே, சின்ன வயசில் தோட்டப் பள்ளியில் மூணு மாசம் படிச்சாங்க" என்றாள். நான் பாட்டியைப் பார்த்தேன். "தெரிஞ்சா என்ன, இன்னொரு தடவ படிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்து வைக்கச் சொன்னார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அவர் விரலால் ஏதோ எழுதினார். கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். 'வா'.

கார் ஓட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் என்ன, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் பாட்டியின் ஊரான நிபோங் திபாலில் இறங்கிக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் வருகிறேன், அதன் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமையாவது. மெய்யெழுத்தில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, அதிலும் ழகரம் பாட்டிக்கு வரவே இல்லை.

பேத்தி, இதைப் பாட்டியிடம் படித்துக் காட்டு அம்மா. சிலேட்டு நான் கொண்டு வருகிறேன் என்று சொல்.