பாடம் பண்ணின செடிக்கு லேமினேஷன் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் மாணவர் பக்கத்துல, லீவுல பசங்க ஹெர்பேரியம் (செடிய அழுத்தி காய வச்சு, தாள்ல ஒட்டி, லேபிளோட சேத்து வைக்கறது) செய்றது எப்படினு போட்டிருந்தீங்க, சந்தோஷம், செல்போனை கீழ வச்சுட்டு நாலு செடிய பாக்கட்டும். ஆனா செடிய பறிச்சு புக்குக்குள்ள வச்சு காஞ்சதும் லேமினேட் பண்ணி பேர் எழுதிடுங்கனு முடிச்சுட்டீங்க பாருங்க, அதான் பொறுக்கல. காலேஜ் பாட்டனி லேப்ல பல வருஷம் வேலை பாத்தவன், அதனால எழுதுறேன்.

லேமினேட் பண்ணா பளிச்சுனு இருக்கும், அவ்ளோதான். நாளைக்கு ஒருத்தர் அந்த பூவுல மகரந்தத்தாள் எத்தனைனு எண்ணணும்னா, காஞ்ச பூவ வெந்நீர்ல போட்டு இளக வச்சு ஊசியால பிரிச்சு லென்ஸ்ல பாப்பாங்க. பிளாஸ்டிக்குக்குள்ள அடச்சிட்டா எங்க பிரிக்கிறது? 42க்கு 28 சென்டிமீட்டர்ல கெட்டியான வெள்ளை ஷீட், அதுல பசை, தண்டு தடியா இருந்தா நூல் போட்டு தச்சுடுங்க, போதும்.

காய வைக்கறதுதான் முக்கால்வாசி வேலை, அதுக்கு உங்க பேப்பர்தான் வேணும், கிண்டல் இல்ல, ஈரம் இழுக்க பழைய நியூஸ்பேப்பர அடிச்சுக்க ஆளில்ல (சினிமா சப்ளிமென்ட் வழவழ தாள் மட்டும் ஆகாது). விரிக்கும்போதே ஒண்ணு ரெண்டு இலைய அடிப்பக்கம் தெரியுற மாதிரி திருப்பி வைக்கணும், ரோமமும் நரம்பும் அங்கதான் நல்லா தெரியும், காஞ்சப்புறம் திருப்பினா ஒடஞ்சிடும். சின்ன செடினா வேரோட எடுக்கணும், நீளமா இருந்தா மடக்கி வைக்கணும். மேலயும் கீழயும் பலகை வச்சு இறுக்கி கட்டிட்டு, மொத சில நாள் தெனமும் பேப்பர் மாத்தணும். நேத்து வச்ச தாள தொட்டா சில்லுனு நமுத்து இருக்கும், சோம்பல் பட்டு அப்படியே விட்டா, அதுவும் மழைக்காலத்துல, இலை கறுத்து பூசணம் பூத்துரும். பிரண்டை மாதிரி சதைப்பத்து உள்ளது இருக்கே, அது எவ்ளோ அழுத்தினாலும் சாகாது, பிரஸ்ஸுக்குள்ளயே உயிரோட கெடந்து கணு கணுவா கழண்டுக்கும். அத மொதல்ல கொதிக்கிற தண்ணில முக்கி எடுத்துட்டுதான் வைக்கணும், பூ நனையக்கூடாது.

காஞ்சதும் பாலிதீன் கவர்ல காத்து போகாம கட்டி சில நாள் ஃப்ரீசர்ல வச்சா, காஞ்ச செடிய அரிக்கிற வண்டு செத்துரும். அந்தக் காலத்துல வண்டுக்கு மெர்குரிக் குளோரைடுனு பாதரச விஷம் அடிப்பாங்க, பழைய ஷீட்டுல அந்த விஷம் இன்னும் இருக்கும், தொட்டா கை கழுவணும், அந்த மருந்து அடிக்கிற வழிய பசங்க கிட்ட சொல்லவே சொல்லாதீங்க, செஞ்சு பாத்துருவானுங்க!

இப்ப லேபிள். பேர் தப்பா இருந்தா கூட பின்னாடி வர்றவங்க திருத்திக்கலாம், எந்த ஊர்ல எந்த தேதில யார் பறிச்சதுனு இல்லாட்டி அத யாராலும் திருத்த முடியாது, வெறும் சருகுதான். பூ என்ன நெறம், ஒடிச்சா பால் வருதா, மரமா கொடியா, இதெல்லாம் பறிச்ச எடத்துலயே நோட்டுல எழுதிடணும், ஏன்னா காஞ்சா நெறம் வெளுத்துரும். திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ் ரபினாட் ஹெர்பேரியத்துல ஃபாதர் கே.எம்.மேத்யூ ஊர் ஊரா போய் சேத்து வச்ச ஷீட்டுங்கள வச்சுதான் தமிழ்நாட்டு சமவெளி, குன்று செடிங்களுக்கு 1980கள்ல தொகுதி தொகுதியா புக்கே வந்துச்சு. கோயம்புத்தூர்ல இருக்கிற மெட்ராஸ் ஹெர்பேரியத்துல (பேர்தான் மெட்ராஸ்) வெள்ளைக்காரன் காலத்து ஷீட்ட இன்னைக்கும் ஆராய்ச்சி பண்றவங்க எடுத்து பாக்குறாங்கன்னா, மூலைல அந்த குட்டி லேபிள் இருக்கறதாலதான். நம்ம காலேஜ் பசங்க பாதி பேர் பிராக்டிகலுக்கு ரெடிமேட் ஹெர்பேரியம் வாங்கிட்டு வர்றாங்க, எல்லாத்துலயும் ஒரே ஊர் ஒரே தேதி, அந்த கூத்த தனியா எழுதணும்.

இன்னொண்ணு, ரிசர்வ் ஃபாரஸ்ட்ல பெர்மிஷன் இல்லாம பறிக்கக்கூடாது, எடத்துல ஒரே ஒரு செடி நின்னா போட்டோ எடுத்துட்டு வந்துருங்கனு போட்டிருக்கலாம்.

அடுத்த தடவ இந்த விஷயம் போட்டா மாதிரி லேபிள் ஒண்ண கட்டம் கட்டி போடுங்க, பசங்க வெட்டி ஒட்டிக்குவாங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு லேப் அசிஸ்டன்ட், திருச்சி