பழைய கோப்புறைக்குப் பத்து நாள்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

உன் லப்டொப் விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறச் சொல்லி அப்டேட் கேட்கும்போதெல்லாம் "பிறகு நினைவூட்டு" என்பதையே அழுத்துகிறாய் என்று தம்பி சொன்னான். அம்மம்மாவின் குரல் அந்த லப்டொப்பில் இருப்பதால்தான் பயப்படுகிறாய். ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் போகாது, பிள்ளை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் தெரியவரும் ஓட்டைகளை அடைக்காமல், அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

முதலில் குரல் பதிவுகளையும் படங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் இன்னொரு பிரதி எடு. பிறகு அந்த டிஸ்கை வேறு கணினியில் செருகி, ஒவ்வொரு பதிவையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேள். பழுதான கோப்பும் பட்டியலில் நல்ல கோப்பு மாதிரித்தான் தெரியும்.

அம்மப்பாவின் கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். ஆகவே இப்போதே பிடிஎஃப் ஆக்கிவை. பிறகு எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி, கொம்பு வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார். மாற்றும்போது பிழை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே கைவிடாதே. பல கணினிகளில் அது பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையில், அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடு. ஆனால் பயோஸில் கைவைக்குமுன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவை. அது இல்லாமல் டிஸ்க் பூட்டிக்கொண்டால் என்னாலும் திறக்க முடியாது. புரொசெசரே பழையது என்றால் குறுக்குவழியில் ஏற்றாதே, வேறு கணினி வாங்கு.

சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்கு. பாதியில் நின்றமாதிரி இருந்தாலும் அவசரப்பட்டு அணைக்காதே.

ஏற்றியபின் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் உன் பழைய விண்டோஸ் பத்து நாளைக்கு இருக்கும். ஏதாவது ஓடவில்லை என்றால் அதற்குள் செட்டிங்ஸில் ரெக்கவரிக்குப் போய்த் திரும்பலாம். பிறகு அது தானாகவே அழிந்துவிடும். கட்டளை கொடுத்து 60 நாள்வரை நீட்டவும் வழி உண்டு. நீ நீட்ட வேண்டாம். அந்த நாள்களில் பிரின்டர், தமிழ் விசைப்பலகை, வேலைக்குரிய மென்பொருள் எல்லாவற்றையும் பாவித்துப்பார், போதும்.

இங்கே ஒருவர் இறந்த 31ஆம் நாள் கன்னியாவில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து, ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அடுத்த நாள் அடுப்பு எரிகிறது, கடை திறக்கிறது. அதனால் அம்மம்மாவை மறந்துவிட்டோம் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. நீ தூரத்தில் இருந்ததால் உனக்கு அந்த நாள் கிடைக்கவில்லை. அதுதான் அந்தப் பழைய கணினியை விடாமல் வைத்திருக்கிறாய் போல.

சனிக்கிழமை செய். வட்ஸ்அப் வீடியோவில் நானும் கூடவே இருக்கிறேன். பிரதி எடுத்த பதிவு ஒன்றை முதலில் எனக்கு அனுப்பு. இந்தப் பக்கம் அது திறந்தபிறகு தொடங்குவோம்.

அன்புடன்,
அப்பா